கிருமிக்காரி வீட்டு மங்கு

காளியம்மா அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மரியாதையாக எழுதியிருப்பேன். யாரும் கேட்காததால் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். படிக்கிறவர்களில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் இருந்தால் தாராளமாகக் கோபித்துக்கொள்ளட்டும்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் எங்கள் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஊர்ப் பெயரை அரசாங்கம் மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை. தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது எங்களைக் கொண்டுவந்து போட்ட இடம் இது. லயத்தை நான் புகழப் போவதில்லை. மழை பெய்தால் கக்கூஸுக்குக் குடை பிடித்துக்கொண்டு போன காலம் அது. அது தொலைந்ததே நல்லது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண் இருந்தது. இங்கே அது கிடையாது.

அக்கா மூன்றாவது மாடி. நானும் அதே மாடிதான், சில வீடுகள் தள்ளி. என் பெயர் ரமணி. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவேன் என்பதால், இந்தக் கட்டடத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் தட்டப்படுவது என் கதவு.

அக்கா தோட்டத்தில் மருந்தடித்தவள். பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலேயே களைக்கொல்லிப் பம்ப்பை முதுகில் மாட்டிக்கொண்டாள். தோட்டம் விற்கப்படும்வரை இறக்கி வைக்கவில்லை. அதனால்தான் நோய் வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஒரே மகன் சத்தியசீலன் ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறான், தீபாவளிக்கு வருவான். அக்காவுக்கு மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். அந்த வாய்க்கு, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய மண்டோர் உடையப்பனே பயப்படுவார். அதே உடையப்பன்தான் இன்று எங்கள் மாரியம்மன் கோயில் தலைவர். மண்டோர் வேலை போனாலும் அதட்டுகிற குரல் அவரை விட்டுப் போகவில்லை.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து மங்கில் குழம்பு வந்தால், அந்த மங்கு வெறுமையாகத் திரும்பாது. மங்கு என்றால் எனாமல் கிண்ணம். ஒவ்வொரு வீட்டு மங்குக்கும் ஒரு பூ, ஒரு கறுப்புக் கீறல், பார்த்தவுடன் யார் வீடு என்று தெரியும். வீட்டில் ஒன்றும் இல்லையா? ஒரு கை சீனியைப் போடு, நாலு கறிவேப்பிலையைப் போடு. வெறும் மங்கைத் திருப்பிக் கொடுத்தால் உன் வீட்டு உறவு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். தனியாக இருந்த அக்காவின் மேசையில் இப்படித்தான் ஐந்தாறு வீட்டுச் சமையல் இருந்தது.

அக்காவிடமிருந்து போனது கீரை. கட்டடத்துக்குப் பின்னால், லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாக்கடை ஓரத்தில், சாயூர் மானிஸ், பொன்னாங்கண்ணி, வெண்டை, முருங்கை என்று நட்டு வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் ஒரு பிடி பறித்துக்கொள்ளலாம். ஒருநாள் கட்டடத்தைப் பராமரிக்கிறவர்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஆள் விட்டு மருந்தடித்துவிட்டார்கள். அக்கா கீழே இறங்கிப் போய் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.

"நான் முதுகுல சொமந்த மருந்துடா இது. என் கீரைக்கேவா?" என்றாள்.

அந்த மருந்துக்காரப் பையனுக்குத் தமிழ் தெரியாது. பின்னால் அங்கே சிமெண்டும் போட்டுவிட்டார்கள். இப்போது அழகாக இருக்கிறதாம். கீழே ஒரு கடை இருக்கிறது. அதில் மீ நூடுல்ஸ் பாக்கெட், சார்டின் டின், முட்டை, பிஸ்கட். காய்கறி லோரி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள்: தட்டு நிறையப் பல நிறத்தில் காய்கறிகள். அதை ஒட்டினவரை எங்கள் கடைக்கு ஒரு தடவை கூட்டி வர வேண்டும். அங்கே நிறம் நிறமாக இருப்பது மிட்டாய் மட்டும்தான்.

அக்காவுக்கு மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் எல்லாருமே அப்படித்தான், கீழே எது வந்தாலும் மூலம். நான் இழுத்துக்கொண்டு போனபோது, பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது, பிறகு கீமோ. அதுவரை எங்கள் கட்டடத்தை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்து அக்கா வந்தபோது மேசையில் மங்கு வைக்க இடமில்லை. கஞ்சி, ரசம், மீன் குழம்பு, மண்ணீரல் சூப். அழுதுகொண்டே தின்றாள்.

பிறகு அந்த ஒரு வார்த்தை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஷர்மினி என்று ஓர் இளம் டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். புற்றுநோய் வந்தவர்களின் மலத்தை வாங்கிச் சோதித்து, வயிற்றுக்குள் என்னென்ன வாழ்கின்றன என்று பார்ப்பது அவர் வேலை. அக்காவும் ஒத்துக்கொண்டு டப்பாவில் கொடுத்திருந்தாள். அதைக் கொடுக்கும்போது டாக்டர் வெட்கப்பட்டார், அக்கா வெட்கப்படவில்லை. அடுத்த முறை போனபோது ஷர்மினி எங்களை உட்கார வைத்து விளக்கினார்.

"ஆன்ட்டி, உங்க குடல்ல இருக்கிற பாக்டீரியா... அதுக்குத் தமிழ்ல என்னா? ஹா, கிருமி. பயப்படாதீங்க, நல்ல கிருமி. எல்லார் வயித்துலயும் இருக்கு. அதுல நெறைய வகை இருந்தா நல்லதுன்னு நெனைக்கிறோம். உங்களுக்கு வகை ரொம்பக் கம்மி."

"கம்மியா? அத எந்தக் கடையில லா வாங்கறது?" என்றாள் அக்கா.

ஷர்மினி சிரித்துவிட்டார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. நடந்து போகிற தூரத்தில் காய்கறி கிடைக்குமா? வீட்டைச் சுற்றி மண், செடி இருக்கிறதா? யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்? பக்கத்து வீட்டோடு பேச்சு உண்டா?

"வயித்தப் பத்திப் பேசிக்கிட்டு பக்கத்து வீட்ட ஏன் கேக்கறீங்க?" என்றேன் நான்.

"அதான் எங்க ரிசர்ச்சே. சாப்பாடு மட்டும் இல்ல. எந்த ஏரியால இருக்கீங்க, மனசு எப்பிடி இருக்கு, யார்கூட பழகறீங்க, எல்லாம் வயித்துக்குள்ளயும் தெரியுதான்னு பாக்கறோம். இன்னும் முடிவு தெரியல. இதனால கேன்சர் போயிரும்னு நான் சொல்லல, சரியா ஆன்ட்டி?"

"எங்க கட்டடத்துல மங்கு நிக்காம போயிட்டு வரும்," என்றாள் அக்கா. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

வீடு திரும்பியபோது காய்கறி லோரி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள். அக்காவுக்கு ஒரு கூட்டத்தைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாது.

"கேட்டீங்களா கதைய? என் வயித்துல கிருமி பத்தலையாம்! கூட்டணுமாம்! ஆளுக்கு ரெண்டு குடுங்கடி!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லோரியைச் சுற்றிச் சொன்னது மூன்றாவது மாடிக்கு வந்தபோது, 'பத்தலை' என்பது படியிலேயே விழுந்துவிட்டது. மேலே வந்து சேர்ந்தது 'காளியம்மா வயித்துல கிருமி' என்பது மட்டும்தான்.

வேறு ஊரில் இந்த வார்த்தைக்கு இவ்வளவு பலம் இருக்குமோ என்னவோ. எங்கள் கட்டடத்தில் கிருமி என்றால் ஒன்றே ஒன்றுதான்: கொரோனா. ரேடியோ காலையிலிருந்து ராத்திரிவரை அந்த வார்த்தையைத்தான் கத்தியது. எங்கள் வாசலில் முள்கம்பி போட்டு எங்களை உள்ளே வைத்தார்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் முகம் காட்டாமலே எரிக்கப்பட்டார்கள். அன்றிலிருந்து கிருமி என்று காதில் விழுந்தால் எங்கள் ஆட்கள் முதலில் கதவைச் சாத்துவார்கள். மூளை அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். சிலருக்கு அதற்குப் பிறகும் செய்யாது.

அக்கா எங்கள் மாடியிலேயே இருந்த கார்த்திகேசு வீட்டுக்குப் பருப்புக் குழம்பு கொடுத்தனுப்பினாள். மங்கு திரும்பி வந்தது. வெறும் மங்கு. மருந்து சோப்பு வாசனை அடித்தது.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மறந்திருப்பாங்க," என்றாள்.

மறக்கவில்லை. கொஞ்ச நாளில் அக்கா சமைத்ததை வாங்க ஆளில்லை. அவளுக்கு வந்ததும் மங்கில் வரவில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டி இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஏற்கெனவே அவளிடம் இருந்த மற்ற வீட்டு மங்குகளைத் திருப்பிக் கொண்டுபோனால், "நீங்களே வச்சிக்குங்கக்கா, வேணாம்," என்றார்கள். எல்லாம் அக்கா வீட்டில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் குவிந்தன. பிள்ளைகள் அந்த வீட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். 'கிருமிக்காரி' என்று ஒரு பெயரும் வைத்தாயிற்று.

நான் வீடு வீடாகப் போனேன். புற்றுநோய் ஒட்டாது என்றேன். டாக்டர் சொன்னது நல்ல கிருமி, அது உங்கள் வயிற்றிலும் இருக்கிறது என்றேன்.

"எங்களுக்குத் தெரியும் லா ரமணி. ஆனா வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு."

எல்லா வீட்டிலும் இதே பதில். தெரியும் லா, ஆனா. இந்த 'ஆனா'வைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைக்க வேண்டும். தெரியாமல் செய்தால் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தே செய்கிறவர்களை என்ன செய்வது? கொரோனாவில் கதவைச் சாத்திக்கொண்டு இவர்கள் பட்டினி கிடந்தபோது மாடி மாடியாகக் கஞ்சி வைத்துவிட்டு வந்தது யார்? அதே காளியம்மாதான். அன்றைக்கு அவளுக்கும் கிருமி பயம் இருந்திருக்கும் அல்லவா?

இவர்களில் இரண்டாவது மாடிக் குமுதாவை மட்டும் எனக்குப் புரியவில்லை. கோயில் தலைவர் உடையப்பனின் மனைவி. அடிக்கடி மேலே வருவாள், ஒரு ரொட்டிப் பையை அக்கா கதவில் மாட்டுவாள், போகாமல் நடைபாதைக் கோடியில் நிற்பாள். நான் கதவைத் திறந்தால் இறங்கிப் போய்விடுவாள். புருஷனுக்காக வேவு பார்க்கிறாள் என்று மனதுக்குள் திட்டினேன். ஆள் வேறு இளைத்துக்கொண்டே வந்தாள். கேட்டால் விரதம் என்பாள்.

அக்கா சமைப்பதை விட்டுவிட்டாள். காப்பியில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றாள். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ஷர்மினி வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "பக்கத்து வீட்டோட எப்பிடி ஆன்ட்டி?" அக்கா சுவரில் இருந்த காய்கறிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன். ஷர்மினி முகம் வெளுத்துப் போனது.

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. நான் வந்து அவங்ககிட்ட பேசவா?"

"வேணாம்மா," என்றாள் அக்கா. "நீ வந்தா, டாக்டரே தேடிக்கிட்டு வந்துட்டாங்க, அப்ப பெரிய கிருமிதான்னு சொல்லுவானுங்க."

அப்போதும் அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் மட்டும் ஒன்று சொன்னாள். "செத்தா சாவறேன் ரமணி. அதுக்கு எனக்கு பயம் இல்ல. ஆனா இருக்கிற வரைக்கும் மனுசங்களோட ஒக்காந்து திங்கணும். அது இல்லாம என்னா மயிரு உசுரு இது?"

கீமோ முடிந்தது. ஆடி பிறந்தது. ஆடியில் எங்கள் கோயிலில் கூழ் ஊற்றுவோம். வீட்டுக்கு வீடு கேப்பை மாவு வாங்கிக் கரைத்துப் புளிக்க வைத்து, பெரிய அண்டாவில் காய்ச்சுவோம். தோட்டத்துக் காலத்திலிருந்து அந்தத் துடுப்பு அக்கா கையில்தான். இந்த ஆடிக்கு அவள் உயிரையே பிடித்து வைத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால், தன் கையால் நாலு பேர் வாங்கிக் குடித்துவிட்டால், இந்தப் பேச்சு செத்துப் போகும் என்று நம்பினாள். ஷர்மினியிடமும் கேட்டுக்கொண்டாள். நன்றாகக் கொதிக்க வைத்ததுதானே, தாராளமாகச் சமைக்கலாம், குடிக்கலாம் என்றார்.

உடையப்பன் வந்தார். உள்ளே வரவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்றார்.

"காளியம்மா, இந்த வருசம் நீ வந்து சாமி கும்புட்டுட்டுப் போ. கூழ மத்தவங்க பாத்துக்குவாங்க."

"ஏன்?"

"ஒடம்பு சொகமில்லாதவ நெருப்புகிட்ட நிக்கக் கூடாது."

"நெருப்புகிட்டயா, கூழ்கிட்டயா?"

அவர் கீழே பார்த்தார். "ஜனங்க குடிக்க மாட்டாங்க. பேச்சு வந்துருச்சி. நான் என்னா பண்றது?"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உடையப்பனுக்குப் பதிலடி கொடுக்காமல் காளியம்மா விட்டது அன்று ஒருநாள்தான்.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள். அடுப்பில் ஒரு பெரிய பானை நிறையக் கூழ். தானே மாவு வாங்கி, தானே புளிக்க வைத்து, தானே கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியிருந்தாள். தொட்டிக்கு அடியில் கிடந்த மங்குகளைக் கழுவி ஒரு கோணிப்பையில் போட்டிருந்தாள். "பானையப் புடி," என்றாள்.

கோயில் வாசலில் கூட்டம். அண்டா பக்கத்தில் உடையப்பன் அகப்பையோடு நின்றார். அக்கா சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்தாள். மங்குகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் கூழை ஊற்றினாள்.

"நீலப் பூவு, கார்த்திகேசு வீடு. வாய் ஒடஞ்சது, விமலா வீடு. பச்சைக் கோடு, தலைவர் வீடு. வந்து எடுத்துக்குங்க. வெறும் மங்கத் திருப்பிக் குடுத்து எனக்குப் பழக்கம் இல்ல."

ஒருவரும் அசையவில்லை.

"கோயில்ல சத்தம் போடாத காளியம்மா," என்றார் உடையப்பன்.

"போடுவேன்! என் கீரைக்கு மருந்தடிச்சப்ப நீங்க போட்டீங்களா சத்தம்? அந்தக் கீரையத் தின்னவங்கதானே எல்லாரும்? வாசல்ல முள்ளுக்கம்பி போட்டப்ப யாரு கஞ்சி குடிச்சீங்க? அப்ப என் கையில கிருமி இல்லையா? எனக்கு வந்தது வியாதிடா. ஒட்டாது. நீங்க பண்றது இருக்கே, அதுதான் ஒவ்வொரு வீடா ஒட்டிக்கிட்டுப் போவுது!"

பெண்கள் பக்கத்திலிருந்து குமுதா எழுந்து வந்தாள். நடை தள்ளாடியது. சாக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பச்சைக் கோடு போட்ட மங்கை எடுத்து வாயில் வைத்தாள்.

"குமுதா!" என்று அதட்டினார் உடையப்பன். அதே மண்டோர் குரல்.

அவள் நிறுத்தவில்லை. கடைசிவரை குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"எனக்கும் ரத்தம் போவுதுக்கா. தைப்பூசத்துல இருந்து. உங்ககிட்ட கேக்கணும்னுதான் மேல மேல வந்தேன். உங்க கதவுல தொங்குன பைய எல்லாம் பாத்தேன். வாயத் தொறந்தா எனக்கும் இப்பிடித்தானேன்னு..."

தைப்பூசம் எங்கே, ஆடி எங்கே. அத்தனை மாதமும் இந்தப் பெண் எங்கள் நடைபாதைக் கோடியில் நின்று நின்று திரும்பிப் போயிருக்கிறாள். அவளை வாயைத் திறக்கவிடாமல் செய்தது எந்தக் கிருமி? இந்தக் கேள்வியை நான் அங்கேயே கத்திக் கேட்டேன். உடையப்பன் கையிலிருந்த அகப்பை அண்டாவுக்குள் விழுந்துவிட்டது.

அக்கா குமுதாவின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "அடிப் பாவி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாளைக்கு ரமணி லீவு போடுவா. கிளினிக்குப் போறோம்."

போனோம். கிளினிக்கில் விவரம் கேட்டார்கள், அங்கிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, சோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். இதை எழுதும் வரைக்கும் முடிவு வரவில்லை. வந்தால் என்னவாக இருக்கும் என்று டாக்டர் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது கட்டடம் முழுக்க ஒரு சேதி ஓடிக்கொண்டிருந்தது: குமுதாவுக்கு அல்சராம். சொன்னது உடையப்பன். அக்காவுக்குத் தான் சாத்திய கதவு தன் வீட்டுக்கும் சாத்தப்படும் என்று மனிதருக்குப் பயம்.

அக்கா படியேறிக்கொண்டிருந்தவள் இரண்டாவது மாடியிலேயே நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மேலும் கீழும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! குமுதாவுக்கு அல்சர் இல்ல. அவளுக்கும் என்னைய மாதிரிதான், கிருமி பத்தல! இன்னிக்குச் சாயந்தரத்துல இருந்து ஒவ்வொரு வீட்டு மங்கும் இந்த வீட்டுக்கு வரணும். பிளாஸ்டிக் பைய எவளாச்சும் மாட்டுனா, அந்தப் பையோட உங்க வீட்டுக்கு நான் வருவேன்!"

பயந்தோ வெட்கப்பட்டோ, எனக்குத் தெரியாது. எனக்கு இன்னும் ஒருவர் மீதும் கோபம் ஆறவில்லை. ஆனால் சாயந்திரம் நீலப் பூ போட்ட மங்கு வந்தது. கார்த்திகேசு வீட்டுப் பூசணிக் கூட்டு. குமுதா படுத்திருந்தாள், அக்காவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்து மங்கை வாங்கியது உடையப்பன். கூட்டைத் தட்டில் கொட்டிவிட்டு, காலி மங்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தார். அவர் வாழ்நாளில் அந்த அடுப்படியில் ஒரு டப்பாவைத் திறந்திருக்க மாட்டார்.

கடைசியில் அக்கா முன்னால் வந்து நின்றார்.

"காளியம்மா, இதுல என்னா போட்டு அனுப்பறது?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெக்கம் இருந்தா அதப் போட்டு அனுப்பு," என்றாள்.